வலிக்காத கால்

வலி வந்ததைவிட, அது வந்து போகும் நேரம்தான் அங்காளம்மாளுக்குச் சரியாகப் படவில்லை. ஏரித் தண்ணீர் வடியத் தொடங்கினால் இடது காலில் வலி தொடங்கும். கடல் திரும்பி முகத்துவாரம் வழியாக ஏறினால், யாரோ முடிச்சை அவிழ்த்துவிட்ட மாதிரி நின்றுவிடும். ஏழு நாள் பார்த்துவிட்டாள். ஒரு நாளும் பிசகவில்லை. முள் குத்தினாலும் வலிக்கும், நண்டு கவ்வினாலும் வலிக்கும், கெளுத்தி கொட்டினால் உயிரே போய்த் திரும்பும். அந்த வலிகளெல்லாம் ஏரி ஏறுகிறதா இறங்குகிறதா என்று கேட்டுக்கொண்டு வருவதில்லை. இது மட்டும், வெளியே தண்ணீர் அசைவதற்கு முன்பே, குடிசைக்குள் உட்கார்ந்திருக்கும் அவளுக்குச் சொல்லிவிடும்.

வலிக்கிற இடமும் விநோதம். கணுக்காலுக்கு மேலே இரண்டு விரல் தள்ளி, தண்டை போட்ட மாதிரி ஒரு வளையம். அதற்கு மேலே வலி இல்லை, கீழேயும் இல்லை. வீக்கம் கிடையாது, கடிவாய் கிடையாது. புருஷன் பச்சைமுத்து வாசல் வெளிச்சத்துக்கு நேராக அவள் காலைத் தூக்கி மடியில் வைத்து அமுக்கிப் பார்த்தான், முகர்ந்துகூடப் பார்த்தான்.

"இன்னாமே இது, ஒண்ணுமே காணோம்?"

"காணோம்னா வலிக்கலன்னு அர்த்தமா? உன் காலா இருந்தா தெரியும்யா."

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். பச்சைமுத்து அந்த ரகம் இல்லை. அவள் முனகினால் அவன் முகம் சுருங்கும். நொச்சியை வதக்கிக் கட்டினான், உப்பை வறுத்து ஒத்தடம் கொடுத்தான், காட்டூர் வரைக்கும் நடந்துபோய் எண்ணெய் வாங்கிவந்து தேய்த்தான். தண்ணீர் வடிகிற நேரத்துக்கு இலையாவது எண்ணெயாவது. வளையம் இறுகும். இறுகிக் காலை இழுக்கும், கிழக்கே, முகத்துவாரத்துப் பக்கமாக.

கால் போனால் அந்த வீட்டில் சோறு போச்சு. அவர்களுக்கு வலையும் இல்லை, படகும் இல்லை. இருந்ததெல்லாம் கையும் காலும்தான். தண்ணீர் வடியும்போது பெண்கள் ஏரியில் இறங்கி, சேற்றில் காலை அழுத்தி அழுத்தி நெடுந்தூரம் நடப்பார்கள். ஒவ்வொரு மிதிக்கும் ஒரு குழி விழும். கொஞ்சம் பொறுத்தால் வெயிலுக்கு ஒதுங்கும் இறால் அந்தக் குழிகளில் வந்து பதுங்கும். பிறகு வந்த வழியே திரும்பி, ஓலையால் முடைந்த பறிக்கூடையின் பிடியைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் குழி குழியாகத் துழாவி எடுக்க வேண்டியதுதான். இதில் ஒரே சட்டம், தன் தடம் தனக்கு. அடுத்தவள் தடத்தில் கை வைத்தால் சண்டை வரும். கால் வைத்தால் அந்தக் கால் தடத்துக்காரியுடையது ஆகிவிடும் என்பார்கள். பாதி விளையாட்டாகத்தான் சொல்வார்கள், ஆனால் யாரும் வைக்க மாட்டார்கள்.

ஆறு வயது மகள் காசிக்கு மட்டும் அந்தப் பயம் ஏறவில்லை. கரை மணலில் அம்மா முன்னே போனால், அம்மாவின் தடத்திலேயே தன் சின்னக் காலைப் பொருத்திப் பொருத்திக் குதித்துக்கொண்டு வருவாள். தலையில் குட்டினால் சிரிப்பாள். அங்காளம்மாளுக்கும் சிரிப்பு வந்துவிடும், குட்டு வலுவாக விழாது.

வலி தொடங்கிய அன்று நடந்ததை அவள் பச்சைமுத்துவிடம்கூடச் சொல்லவில்லை.

அன்று இறாலே இல்லை. தனியாக வடக்கே தள்ளிப் போனவள், முழங்கால் தண்ணீரில், கலங்காத சேற்றில், தடங்களைப் பார்த்தாள். நடந்துபோன தடம் அல்ல, நின்ற தடம். இரண்டிரண்டு கால்களாக, ஒருவர் பின்னால் ஒருவர், கை நீட்டித் தொடும் தூரத்தில், முகத்துவாரத்தைப் பார்த்து நிற்கிற வரிசை. கண்ணுக்கெட்டிய மட்டும் போயிற்று. எல்லாவற்றிலும் இடது கால்தான் ஆழம், அந்தக் காலில் மட்டும் பாரம் கட்டியிருந்தவர்கள் மாதிரி. ஏரிச் சேற்றில் எந்தத் தடமும் இரண்டு நாள் நிற்காது. அந்த வாரம் அந்தப் பக்கம் யாரும் வரவும் இல்லை. ஆனால் குழிக்குக் குழி இறால் கொழுத்துக் கிடந்தது. பசி வந்தால் பத்தும் பறந்துபோகும், சட்டம் பறக்காதா? பறியைக் கடித்துக்கொண்டு குனிந்தாள். கை நிறைய வந்தது. ஒரு இடது தடத்தில் விரலை விட்டுத் துழாவியபோது சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னப் பள்ளம் தட்டுப்பட்டது. எண்ணினாள். ஆறு விரல்.

அவளுடைய அக்காள் நாகம்மாளுக்கு இடது காலில் ஆறு விரல்.

பதினாறு வருஷத்துக்கு முன், பஞ்சத்தில், ஆட்களை விலைக்கு வாங்கிக் கப்பலேற்றிய காலம் அது. பெற்ற தகப்பன் நைனாவே நாகம்மாளை ஒரு தரகனிடம் ஒரு மரக்கால் அரிசிக்குக் கொடுத்தார். இடது காலுக்கு இடது கால் கயிறு கோத்து, ஆழத்தில் நின்ற தோணிவரைக்கும் ஏரிக்குள் நடத்திக்கொண்டு போனார்கள். அங்காளம்மாளுக்கு அப்போது எட்டு வயது. அழுதாள். சாயங்காலம் சோறு வெந்ததும் அழுகையை நிறுத்திவிட்டுத் தின்றாள். அந்தச் சோற்றின் ருசி இன்னும் நாக்கில் இருந்தது, அதுதான் அவளால் யாரிடமும் சொல்ல முடியாதது.

ஆறு விரல் தடத்திலிருந்து கையை எடுத்திருக்க வேண்டும். அவள் எடுக்கவில்லை. அதிலிருந்த நான்கு இறாலையும் எடுத்துப் பறியில் போட்ட பிறகுதான் தான் நிற்கும் இடத்தைக் கவனித்தாள். ஆறு விரல் தடத்துக்கும் அதற்குப் பின்னால் இருந்த தடத்துக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கும் இடம் காலியாக இருந்திருக்கிறது. அங்கேதான் அவள் நின்றுகொண்டிருந்தாள். இடது காலைத் தூக்கினாள். கணுக்காலுக்கு மேலே வளையமாக வலி இறுகியது.

எட்டாம் நாள் பச்சைமுத்து அவளை ஏரிக்கரைக் கோட்டையின் பின்வாசலுக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனான். உள்ளே இருந்த ஒல்லாந்த வைத்தியர் சிப்பாய்களுக்கும் கப்பல்காரர்களுக்கும்தான் பார்ப்பார். அவருக்குக் கட்டுத்துணி துவைத்துப்போடும் ஜெசிந்தா ஊர்க்காரர்களுக்குப் பார்ப்பாள். கவுன் போட்ட, கலப்பு வம்சத்துச் சட்டைக்காரி, ஐம்பது வயது, வாயில் எப்போதும் சுருட்டு. கொடியில் காய்ந்த கட்டுத்துணிகளுக்கு நடுவில் அவளை உட்காரவைத்து, ஊசியால் பாதத்தைக் குத்தினாள்.

"தெரியுதா?"

"தெரியுதும்மா."

"இங்க?"

"ஐயோ, தெரியுது!"

"நரம்பு நல்லாத்தான் கீது. எலும்பும் நல்லாத்தான் கீது. இன்னா வலின்னு எனக்குப் புரியல." ஜெசிந்தா பொய் சொல்லத் தெரியாதவள். உள்ளே போய் விரல் நீளக் கண்ணாடிக் குப்பி ஒன்றைக் கொண்டுவந்தாள். கருஞ்சிவப்பாக இருந்தது, திறந்ததும் கிராம்பும் சாராயமும் மணத்தன, அவற்றுக்கு அடியில் கசப்பாக இன்னொன்று. "அபினி சேர்ந்தது. வலியோட காரணத்தை எடுக்காது, வலியை எடுக்கும். விருந்தும் மருந்தும் மூணு நாளு. மூணு சொட்டு, மூணு நாளு, அதுக்கு மேல வாணாம். தூக்கம் வரும், மூக்கு அரிக்கும், நாக்கு தடிக்கும், கெனா வரும். பயப்படாத. கொழந்தை கைக்கு மட்டும் எட்டாம வை."

பச்சைமுத்து ஒரு பறி நண்டைக் கொடுத்துக் கும்பிட்டான்.

மருந்து கைமேல் பலன் கொடுத்தது. உச்சிவேளையில் மூன்று சொட்டு விழுங்கியவள், கண் சொருகிச் சாய்ந்தாள். விழித்தபோது வெயில் இறங்கியிருந்தது. தண்ணீர் வடிந்து முடிந்து திரும்ப ஏறிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. வலி வந்துபோனதே தெரியவில்லை. அங்காளம்மாள் காலைக் கட்டிக்கொண்டு சந்தோஷத்தில் அழுதாள். அழும்போதுதான் பார்த்தாள், கணுக்கால்வரைக்கும் சேறு காய்ந்து வெடித்திருந்தது. காலையில் கழுவ மறந்திருப்போம் என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டாம் நாள் சேறு முழங்கால்வரைக்கும் இருந்தது. அது காயவும் இல்லை.

"எங்கம்மா போன நீ?" என்றாள் காசி. "அம்மா அம்மான்னு கூப்ட்டேன். திரும்பவே இல்ல."

"நான் எங்கடி போனேன்? தூங்கினு இருந்தேன்."

"கண்ணு மூடித்தான் இருந்துச்சு," என்றாள் காசி.

மூன்றாம் நாள் அவளை எழுப்பியது ஒரு நாரையின் கத்தல். எழுந்தாள் என்று சொல்ல முடியாது; நின்றுகொண்டிருந்தாள். தொடையளவு தண்ணீர். சுற்றிலும் பளீரென்ற பகல், காற்றே இல்லை, கரை நூல் மாதிரி தூரத்தில் தெரிந்தது. தண்ணீருக்கு அடியில், அவளுக்கு முன்னால், ஆறு விரல் தடம். அதற்கு முன்னால் இன்னொரு ஜோடி. அதற்கும் முன்னால். வரிசை முன்பிருந்த இடத்தில் இல்லை. முகத்துவாரத்தை நோக்கி வெகுதூரம் நகர்ந்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆறு விரல் தடத்தில் சேறு புகையாகக் கிளம்பியது. ஒரு எட்டு முன்னால், மேலே யாருமே இல்லாமல், புதிதாக ஒரு இடது குழி விழுந்தது. அமுங்கி, ஆழமாக. அவளுடைய இடது காலும் தூக்கிக்கொண்டது. தூக்கியது அவள் அல்ல. அவளுக்கு அந்தக் கால் இருப்பதே தெரியவில்லை, குளிரும் தெரியவில்லை, சேறும் தெரியவில்லை. கண்ணால்தான் பார்த்தாள். கத்திக்கொண்டு பின்பக்கமாக விழுந்து, கையால் சேற்றைப் பிறாண்டிப் பிறாண்டி, செத்த மாட்டை இழுப்பதுபோல் தன் காலைத் தானே இழுத்துக்கொண்டு கரைக்கு வந்து சேர்ந்தாள்.

மணலில் கிடந்தபோதுதான் அவளுக்குப் புரிந்தது. கயிறு ஒரு பக்கம் இழுக்க, இவள் ஒரு பக்கம் இழுக்க, அந்த இழுபறிக்குத்தான் வலி என்று பெயர். வலி இருந்தவரைக்கும் கால் அவளுடையதாக இருந்தது. மருந்து கயிற்றை அறுக்கவில்லை. இவள் பிடியைத்தான் தளர்த்தியிருக்கிறது.

அன்று எல்லாவற்றையும் பச்சைமுத்துவிடம் கொட்டினாள், சோற்றைத் தவிர. அவன் அவள் காலில் ஒட்டியிருந்த சேற்றைக் கழுவிவிட்டான்.

"கெனா வரும்னு அந்தம்மா சொன்னாங்க இல்ல?" என்றான்.

"கெனாவுல கால்ல சேறு ஒட்டுமாய்யா? அந்தக் குப்பி வாணாம். இனிமே அது என் வாய்ல படக்கூடாது. என் காலை இந்தக் கம்பத்துல கட்டு."

அவன் குப்பியைக் கூரை ஓலையில் செருகிவைத்துவிட்டு, வலிக்கிற காலில் கயிறு பட வேண்டாம் என்று, பனைநார்க் கயிற்றால் அவள் வலது காலைக் குடிசைக் கம்பத்தோடு கட்டினான். 

வலி திரும்பி வந்தது. முன்னைவிட மூன்று பங்காக வந்தது. மூன்று நாள் வடிகிற நேரமெல்லாம் அங்காளம்மாள் பாயைக் கடித்துக்கொண்டு அலறினாள். அலறும்போதே மனதுக்குள் ஒரு நிம்மதி இருந்தது, வலிக்கிறது, இன்னும் என் கால்தான் என்று. கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த நிம்மதி எப்படித் தெரியும்? காசி காதைப் பொத்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். பச்சைமுத்து வெளியே போய்த் தென்னைமரத்தில் தலையை முட்டிக்கொண்டு நின்றான்.

நான்காம் நாள் காலையில் வாடைக்காற்று எழுந்தது. வானம் வடக்கே கறுத்திருந்தது. மழைக்கு முன் விறகு சேர்க்க மேற்குக் கரைக்குப் போகவேண்டும் என்று சொல்லி, பச்சைமுத்து தானே கேழ்வரகுக் கூழ் காய்ச்சி, சுட்ட கருவாட்டோடு அவள் முன்னால் வைத்தான். அவள் குடிப்பதைப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தான்.

"குடிமே. ஒரு பொட்டு தூங்கு. பொழுது சாயறதுக்குள்ள வந்துடறேன்." கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனான். அவன் இவ்வளவு பிரியமாகப் பேசி நாளாயிற்று.

பாதி குடித்ததும் வயிறு அடைத்தது. கலயத்தைக் காசியிடம் தள்ளினாள். காசி அண்ணாந்து குடித்து, விரலால் வழித்து நக்கினாள்.

"கூழு நல்லா இருந்துச்சும்மா. நைனா கிராம்பு போட்டாரு."

அங்காளம்மாளின் மூக்கு அரித்தது.

கலயத்தைப் பிடுங்கி முகர்ந்தாள். கருவாட்டு வாசனைக்கு அடியில், கிராம்பு. சாராயம். அந்தக் கசப்பு. "காசி, வாந்தி எடுடி! வாய்ல விரலை உடு!" என்று கத்தினாள். பாதிச் சொல்தான் வந்தது. நாக்கு தடித்துவிட்டிருந்தது. காசி தூக்கக் கண்ணோடு சிரித்தாள். மகளை இழுத்து வாயில் விரலை விட்டுப் பார்த்தாள், குழந்தை குமட்டித் திமிறிக்கொண்டு ஓடிப்போனதுதான் மிச்சம்.

வெளியே தண்ணீர் வடியத் தொடங்கியிருக்க வேண்டும். காலில் சேதி வரவில்லை.

இடது காலைக் கிள்ளினாள். ஒன்றும் இல்லை. கடித்தாள். ஒன்றும் இல்லை. கை எட்டிய அடுப்பிலிருந்து கங்கு ஒன்றை எடுத்து, வளையம் இருந்த இடத்திலேயே வைத்தாள். தோல் சுருங்கியது. கருகும் வாசனை குடிசை முழுக்க வந்தது. பிடித்திருந்த விரல்கள்கூட அடுத்தவளுடைய விரல்கள் மாதிரித்தான் சுட்டன. கால் சுடவே இல்லை. தூங்கக் கூடாது. தூங்கக் கூடாது. கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். கண்ணை ஒரு முறை மூடித் திறந்தாள்.

மணலில் நடந்துகொண்டிருந்தாள்.

கயிறு கம்பத்தில் இல்லை. அவள் வலது காலிலும் இல்லை.

"யாருடி... அவுத்தா?"

"நீதானம்மா அவுக்கச் சொன்ன." காசியின் குரல் பின்னால் எங்கோ கேட்டது. "அக்கா கூப்புடறா, போவணும்னு சொன்ன."

திரும்பப் பார்த்தாள். கழுத்து திரும்பியது. கால் திரும்பவில்லை. விழப் பார்த்தாள், இடுப்புக்குக் கீழே அவளுக்கு அதிகாரம் இல்லை. வடக்கே தூரத்தில் ஏழெட்டுப் பெண்கள் குனிந்து துழாவிக்கொண்டிருந்தார்கள். அங்காளம்மாள் வாயைத் திறந்து அலறினாள். ஊளைபோல ஏதோ வந்தது, வாடைக்காற்று அதையும் பிய்த்துக்கொண்டு போனது. ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள். பறியை வாயிலிருந்து எடுத்தாள்.

"அங்காளி! காலு சரியாப்போச்சா!" என்று சந்தோஷமாகக் கையை வீசினாள். மற்றவர்களும் வீசினார்கள். பிறகு குனிந்துகொண்டார்கள்.

கணுக்கால் தண்ணீர். முழங்கால். தொடை. வரிசை காத்துக்கொண்டிருந்தது. ஜோடி ஜோடியாக, முகத்துவாரம்வரைக்கும், அதைத் தாண்டியும். ஆறு விரல் தடம். அதற்குப் பின்னால் வெறும் சேறு, ஒரு ஆள் நிற்கும் இடம். இடது கால் போய் அதில் இறங்கியது. அளவெடுத்த மாதிரி பொருந்தியது. வலது கால் பக்கத்தில் வந்து நின்றது.

பின்னால் தண்ணீர் சளக்கென்றது.

கழுத்தைத் திருப்பினாள். அவள் நடந்துவந்த இடமெல்லாம் குழி குழியாகத் தெரிந்தது. ஒவ்வொரு குழியாகக் காலைப் பொருத்திப் பொருத்தி, கழுத்தளவு தண்ணீரில், பாவாடை குடையாக மிதக்க, காசி வந்துகொண்டிருந்தாள்.

"காசி! கரைக்குப் போ! என் தடத்துல கால் வெக்காதடி!"

அவள் வாயிலிருந்து வந்தது வெறும் குழறல். காசிக்கு அது விளையாட்டாகத்தான் கேட்டிருக்கும். சிரித்துக்கொண்டே அடுத்த குழியில் இறங்கினாள். அப்புறம் நின்றாள். அசையாமல் நின்றாள். முகத்துவாரத்தைப் பார்த்து.

அங்காளம்மாளுக்கு ஒரே ஒரு நம்பிக்கை பாக்கி இருந்தது. தடித்த நாக்கைப் பல்லால் கடித்து, ரத்தம் வரக் கடித்து, ஒவ்வொரு சொல்லாகப் பிதுக்கினாள்.

"காசி... காலு... வலிக்குதாடி? வலிக்குதுன்னு சொல்லுடி... என் கண்ணு இல்ல..."

காசி கண்ணைத் தாழ்த்தித் தண்ணீருக்குள் தன் இடது காலைப் பார்த்தாள். யோசித்தாள். அம்மாவுக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று நினைத்தவள் மாதிரி, தலையை ஆட்டிச் சிரித்தாள்.

"இல்லம்மா. ஒண்ணுமே தெரியல."

முன்னால் ஆறு விரல் தடத்தில் சேறு புகைந்தது. அங்காளம்மாளின் இடது கால் எழுந்தது. அது விட்டுப்போன குழியில், பின்னால், சின்னக் கால் ஒன்று இறங்கும் சத்தம் கேட்டது.